தரையிலிருந்து ஐந்து அங்குலம்

அல்ராய் வெள்ளிச் சந்தையில்
முக்கால் தினாருக்கு எடுத்த பச்சை கவுன்.
இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அரைக்குத் தந்திருப்பான்.
நிற்க விடவில்லை வெயில்.

வீட்டில் போட்டுப் பார்த்தால்
இடது ஓரம் கணுக்கால் எலும்பை மறைக்கிறது
வலது ஓரம் காட்டிக்கொடுக்கிறது.
"ஃபேஷனா இருக்கும்" என்றார் பிரான்மலை
கழுத்தில் ஈரத்துண்டோடு.
ஒரு சாண் ஏறி இறங்கியிருந்தால் ஃபேஷன்.
இது ஒன்றரை அங்குலம்.
ஒன்றரை அங்குலம் என்றால்
யாரோ தப்பு செய்திருக்கிறார்கள்.

மங்காஃப் தையல்கடையில் இரண்டு தினார் கேட்டார்கள்.
உடுப்பைவிட ஓரத்துக்கு விலை அதிகம்
இதை எந்தச் செலவில் எழுதுவது?

மூன்று இரவு ஹேங்கரில் தொங்கவிட்டேன்.
குறுக்குவெட்டுத் துணி
தன் பாரத்தில் இறங்குகிற மட்டும் இறங்கட்டும் என்று.

வியாழன் இரவு சைட்டிலிருந்து
லேசர் லெவலைக் கொண்டுவந்தார்,
ஃபோர்மேனிடம் சொல்லவில்லை.
மூன்று காலில் நிற்கும் மஞ்சள் பெட்டி.
சுவிட்சைத் தட்டியதும்
ஹாலின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு
காஸ் சிலிண்டர் மேல்
அரிசி டப்பா மேல்
காயப்போட்ட என் யூனிஃபார்ம் பேன்ட் மேல்
கடைசியில் என் மேல்.
"பாத்ரூம் பக்கம் தரை சரியுது பாரு,
எவன் ஒட்டின டைல்ஸோ" என்று
முதலில் தரையைத் திட்டித் தீர்த்தார்.

"நேரா நில்லு."
"நேராத்தான் நிக்கிறேன்."
"இல்ல, இடுப்பு சாயுது."
பன்னிரண்டு மணி நேரம், டயாலிசிஸ் வார்டில்
ஒரே காலில் பாரம் போட்டு நின்ற உடம்பு
நேர் என்று எதைச் சொல்கிறாய் என்கிறது.

செருப்பில்லாமல் மெல்லச் சுற்றினேன்.
முட்டி போட்டுக்கொண்டு
தேய்ந்த சோப்புச் சில்லால்
கோடு விழுந்த இடமெல்லாம் புள்ளி வைத்தார்.
சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிற
அதே மூச்சடக்கிய முகம்.
கூசுகிறது என்று சிரித்தேன்.
"சுவரு சிரிச்சா லெவல் போயிடும்" என்றார்
நிமிராமலே.

பிறகு நான் தனியாக
பழைய தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன்.
இடப்பக்கம் மெஷின் தையல், ஒரே இழுப்பில் வந்தது.
வலப்பக்கம் மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு
அதன் உள்ளே வெளிச்சம் படாத பச்சை
இன்றைக்குக் கடையில் எடுத்தது போல.
கைத்தையல். கடுகு கடுகாக,
இடைவெளி மாறாமல்,
முன்பக்கம் மெல்ல ஏறி, விலாவுக்கு நேர்கீழே ஒன்றரை அங்குலமாகி,
பின்பக்கம் மெல்ல இறங்கி.
தப்பு செய்கிற கை
இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்காது.

யாருக்கோ இது நேராக இருந்த உடுப்பு.
வலது கால் கொஞ்சம் குட்டையான ஒருத்தி.
எந்த ஊர், தெரியாது.
லேபிளில் பாதி எழுத்து சலவையில் போய்விட்டது.
ஏதோ கல்யாணத்துக்கோ வேலைக்கோ
இதை உடுத்தி நடந்திருக்கிறாள்,
ஓரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
பார்க்காமலிருக்கத்தானே அத்தனை தையலும்.

"முடிஞ்சுதா?" உள்ளிருந்து குரல்.
"பாதி" என்றேன்.

பிளேடு நுனியால் ஒவ்வொன்றாய் அறுத்தேன்.
இரண்டு ஓரமும் தாமாகவே சமமாயின.
அவள் மடிப்பு இருந்த இடத்தில் மட்டும்
வெளிறிய ஒரு வரி,
நீராவி விட்டு இஸ்திரி போட்டும் போகவில்லை.

சோப்புப் புள்ளி வழியே
சுற்றிலும் இரண்டு அங்குலம் ஏற்றி மடித்தேன்.
அந்த வரி உள்ளே போயிற்று.
மிச்சத் துணியை வெட்டாதே, கனமாக இருக்காது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கனமாகத்தான் இருக்கிறது.
பச்சை நூல் தீர்ந்து
கடைசி ஒரு சாண் கருநீலம்.

நாளை சால்மியாவில் மரிசெல் மகளுக்குப் பிறந்தநாள்.
போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.
லெவலை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு
"ஒரு மில்லி கூட இல்ல" என்றார் பெருமையாக.

இப்போதைக்கு.
இன்னும் பத்து வருடம் அதே வார்டு, அதே கால்.
எந்தப் பக்கம் எவ்வளவு ஏற்ற வேண்டிவருமோ
துணி உள்ளே இருக்கிறது.